பானெட்டின் இடது பாதி

துணி வழுக்கியதே தவிர, எதுவும் அழியவில்லை.

பானெட்டின் இடது பாதியில் மெழுகு கல்லாக இறுகிக் கிடந்தது. மகள் முழு பலத்தையும் கொடுத்துத் தேய்த்தாள். வெள்ளைப் படலம் அசையவில்லை. அதன் நடுவில் அப்பாவின் கை. ஐந்து விரலும் பதிந்து, ஹெட்லைட் வரைக்கும் சறுக்கிக்கொண்டு போயிருந்தது.

செல்போன் அடித்தது. சித்தப்பா.

“கையெழுத்தெல்லாம் போட்டு முடிஞ்சுதும்மா. ஆஸ்பத்திரியில இருந்து அப்பாவை ஏத்திட்டு ஆம்புலன்ஸ் கிளம்பிருச்சு. பின்னாடியே வர்றேன். காரை வெளிய எடுத்தாத்தான் அது உள்ள வர முடியும். நான் வந்து எடுக்கறேன்.”

“நானே எடுத்துடறேன் சித்தப்பா.”

“இந்த நிலையில நீ வண்டி எடுக்கறதா. வேணாம். சொன்னா கேளு.”

சித்தப்பாவுக்குத் தொழில் காருக்குப் பெயின்ட் அடிப்பது. எந்தக் காரில் ஏறினாலும் முதலில் பானெட்டைப் புறங்கையால் ஒரு தடவு தடவுவார். அது போதும். இந்த மெழுகு எத்தனை நேரம் வெயிலில் வெந்தது என்று அவர் கைக்குத் தெரிந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அவள் சொன்னது வேறு. “அப்பா விழுந்த சத்தம் கேட்டதுமே ஓடிட்டேன் டாக்டர்.” பக்கத்தில் நின்ற சித்தப்பா அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

அப்பா மெழுகு போடுவதைப் பார்த்தவர்கள் யாரும் இந்தப் பொய்யை நம்பமாட்டார்கள். வெயில் வருவதற்குள் நிழலில் போட வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு பக்கம் மட்டும். மெல்லிசாகத் தடவிவிட்டு, கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் மங்கியதும் துடைத்துவிட வேண்டும். காயவிட்டுவிட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் போகிற ஆளில்லை அவர். அந்தத் துடைக்கிற நேரம் வந்தால் உள்ளே பார்த்து ஒரு குரல் கொடுப்பார். “அசிஸ்டெண்ட்!”

சின்ன வயதில் அந்தக் குரலுக்குத் துணியோடு பறந்து வருவாள். இன்று காலையும் குரல் வந்தது. ஹாலில் சோபாவில் படுத்து, செல்போனில் தொடர் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி ஊர்விட்டுப் போய், லீவுக்கு வந்த இடத்திலும் துணி பிடிக்கணுமா என்று இருந்தது. இயர்போனை எடுத்து இரண்டு காதிலும் செருகிக்கொண்டாள்.

தொடர் முடிந்து வெளியே வந்தபோது நிழல் நகர்ந்திருந்தது. வெயில் பானெட்டிலும் இருந்தது, பம்பர் ஓரம் கிடந்த அப்பாவின் மேலும் இருந்தது.

“ஏண்டிம்மா, இப்பப் போயா காரைத் துடைக்கிற?” மாடி வீட்டக்கா, துக்கத்துக்கு வருகிறவர்களுக்காக நாற்காலி இரண்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அப்புறம் பானெட்டைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. “அவர் பாதியில விட்ட வேலையா. பெத்தா உன்ன மாதிரி ஒரு பொண்ணைப் பெறணும். எனக்கும் ரெண்டு இருக்கே, கூப்பிட்டா திரும்பிக்கூடப் பார்க்காதுங்க.”

மகள் நிமிரவில்லை. காது மடல் சுட்டது.

அக்கா உள்ளே போனதும் ஷெட் அலமாரிக்கு ஓடினாள். டப்பாக்கள். எது எதற்கென்று அப்பா சொன்னது பாதிதான் நினைவிருந்தது. உரசினால் நறநறவென்றிருந்த பாலிஷ்தான் கைக்கு வந்தது. துணியில் அப்பித் தேய்த்தாள். படலம் கரைந்தது. அப்பாடா என்றிருந்தது. சுண்டு விரல் போயிற்று, மோதிர விரல் போயிற்று. விடாமல் தேய்த்தாள்.

துணியைத் திருப்பினாள். சிவப்பு.

மேலே கண்ணாடிப் பூச்சு இல்லாத பழைய காலத்துப் பெயின்ட். பாலிஷ் பட்டால் நிறமே துணிக்கு வந்துவிடும். பானெட்டின் மடிப்பில் சிவப்பு போய், அடிப்பூச்சு சாம்பலாய்ப் பல்லைக் காட்டியது. கட்டை விரல் அகலத்துக்கு. இனி இதை எந்தத் துணியாலும் மறைக்க முடியாது.

“பாலிஷா போட்ட?”

அம்மா. எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

“கறையா இருந்துதும்மா. சித்தப்பா வர்றாரு, அதான்...”

“பாலிஷ் தோலை உரிக்கும், வேக்ஸ் போர்த்தும். வீட்டுல சாமி பேரைவிட இதைத்தான் அதிகமாக் கேட்டிருக்கேன்.” அம்மா அலமாரியில் கையை விட்டு, பார்க்காமலே தட்டையான டப்பா ஒன்றை எடுத்தாள். “காய்ஞ்சு போனதுக்கு மேல அதே வேக்ஸைப் புதுசாத் தடவணும். அடியில இருக்கறது இளகிடும். ரெண்டும் சேர்ந்து வந்துடும்.”

அம்மாவுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்றிருந்தது மகளுக்கு. இந்தக் காரோடு அம்மாவுக்கு ஆயுசுக்கும் சண்டை. ‘உங்கப்பாவுக்கு ரெண்டு பொண்டாட்டிடி. எனக்கு வருஷத்துக்கு ஒரு புடவை, அவளுக்கு வாரத்துக்கு ஒரு வேக்ஸ்’ என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கவைப்பாள். அப்பாவும் சேர்ந்து சிரிப்பார்.

இப்போது அம்மா விரல் நுனியில் மெழுகை எடுத்து, மிச்சமிருந்த மூன்று விரல் தடத்தின்மேல் சின்னச் சின்ன வட்டமாகத் தடவினாள். அசைப்பில் அப்பாவின் கையேதான்.

சொல்லிவிட வேண்டும். சித்தப்பா வருவதற்குள் ஒருத்தரிடமாவது சொல்லிவிட வேண்டும்.

“அம்மா, அப்பா கூப்பிட்டாரு. எனக்குக் கேட்டுது. துணிக்குத்தான்னு நினைச்சு...”

அம்மாவின் விரல் நிற்கவில்லை.

“தெரியும். நீ காதுல மாட்டுறதை அடுப்படியில இருந்து பார்த்தேன்.”

மகள் அம்மாவைப் பார்த்தாள். தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தேன், தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை என்று ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் அழுதவள். அவள் பின்னல் எண்ணெய் படிந்து, நேற்றுப் பின்னிய மாதிரியே இருந்தது.

“நீ குளிக்கலையா?”

மெழுகு மங்கத் தொடங்கியது. அம்மா துணியின் ஒரு முனையை மகளிடம் கொடுத்தாள்.

“நீ மாட்டினதுக்கு அப்புறம் இன்னொரு தடவ கூப்பிட்டாருடி,” என்றாள். “உன்னை இல்ல. என்னை.”

கேட்டுக்கு வெளியே ஆம்புலன்ஸ் ஹாரன் ஒரே ஒரு தடவை அடித்தது. இருவரும் துணியைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.