தலைவருக்குப் பார்க்கும் உரிமை

படகு, வலை, துடுப்பு எல்லாவற்றையும் ஒரு நிமிடம் கீழே வைத்துவிட்டு ஏரிக்கரை வாழ் மக்கள் அனைவரும் செவிசாய்க்க வேண்டுகிறோம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது, தை மாதத்து நல்ல நாளொன்றில், பழவேற்காட்டு மீனவர் சங்கத்தில் கம்ப்யூட்டர் திறந்துவைக்கப்பட்டது. ஏரி உண்டான நாளிலிருந்து இப்படியொரு வைபவம் நடந்ததில்லை என்று சங்கத் தலைவர் தருமலிங்கம் முழங்கினார். ஏரி மறுக்கவில்லை.

தொலைபேசிக் கம்பி வழியாக அது பொன்னேரியிலுள்ள பெரிய கம்ப்யூட்டரோடு பேசும். உறுப்பினர் பெயர்களையும், யாருக்கு எவ்வளவு நைலான் நூல் என்பதையும் அதில் ஏற்றலாம். யார் பார்க்கலாம், யார் எழுதலாம், யார் அழிக்கலாம் என்று ஆளாளுக்குத் தனித்தனி உரிமை உண்டு. பொன்னேரி அதிகாரி சம்பந்தம் மேடையில் இதை விளக்கி முடிப்பதற்குள் தலைவர் மைக்கைப் பிடுங்கிவிட்டார்.

"நான் மக்கள் தொண்டன். எனக்கு எந்த உரிமையும் வேண்டாம். பார்த்தால் போதும்!"

கூட்டம் கைதட்டியது. சம்பந்தம் மட்டும் ஏதோ குறித்துக்கொண்டிருந்தார்.

மறுநாளே தொண்டருக்குச் சந்தேகம் வந்தது. கம்ப்யூட்டர் பெட்டியை இயக்க வேலைக்கு வைத்திருந்த பரீதாவிடம் கேட்டார்.

"அழிக்கிற உரிமை யாருக்கும்மா இருக்கு?"

"எனக்கு இருக்குங்க. உங்களுக்குப் பாக்க மட்டும்தான்."

"நீ சம்பளக்காரி, நான் தலைவர். இன்னா நியாயம் இது? எனக்கும் குடு."

பரீதா தட்டினாள். எல்லா உரிமையும் ஏறியது. தலைவர் மீசையைத் தடவியபடி வீட்டுக்குப் போனார். காலையில் வந்து பார்த்தால், பார்க்கும் உரிமை மட்டும்தான் மிச்சம்.

"எவன்மா எடுத்தது? அவன் மாட்டுற வரைக்கும் பெட்டியில வேற எதையும் தொடாத!"

மாலையில் மறுபடி கொடுத்தாள். காலையில் மறுபடி காணோம். தலைவர் அறைக்குப் புதுப் பூட்டு வாங்கினார். சாவியை அரைஞாணில் முடிந்துகொண்டார். பூட்டின்மேல் அரக்கு உருக்கி முத்திரையும் குத்தினார். விடிந்தால் அரக்கு இருந்தது, உரிமை இல்லை.

சந்தேகம் முதலில் எதிர்க்கட்சிமேல் விழுந்தது. பிறகு ஜன்னல்மேல் விழ, அதற்குப் பலகை அடிக்கப்பட்டது. அடுத்து வாட்ச்மேன் அங்கமுத்து.

"எனக்கு ரேடியோவையே திருப்பத் தெரியாது, தலைவரே. உங்க உரிமை இன்னா கருவாடா, நான் எடுத்தும்போய்க் காய வெச்சு விக்கிறதுக்கு?"

கடைசியில் அது பரீதாமேல் வந்து நின்றது.

"குடுக்கிற மாதிரி குடுத்துட்டு, ராத்திரியில புடுங்கிக்கிறியா?"

"பூட்டு உங்களுது, சாவி உங்க இடுப்புல. நான் எப்படிங்க உள்ள வருவேன்?"

"அதான் எனக்கும் புரியல, அதனாலதான் சந்தேகம். வெள்ளிக்கிழமை பொன்னேரி ஆபீசர் வர்றார். அன்னிக்கும் என் உரிமை காணோம்னா உனக்கு இங்க வேலை இல்ல."

பரீதாவின் தந்தை ஜலாலுதீன் படுத்த படுக்கையானதிலிருந்து அந்த வீட்டில் உலை கொதித்தது அவளுடைய சம்பளத்தில்தான். வியாழன் மாலை உரிமையைக் கொடுத்துவிட்டு, சரியாக ஏறியதா என்று தலைவரையே பார்க்கச் சொன்னாள். அவளுக்கே இப்போது தன் விரல்கள்மேல் சந்தேகம்.

வெள்ளிக்கிழமை சம்பந்தத்தின் முன்னிலையில் அரக்கு உடைக்கப்பட்டது. பெட்டி கண் விழித்தது. திரையில் தருமலிங்கம்: பார்க்க மட்டும்.

"பாத்தீங்களா சார்? கூட இருந்தே திருடுறா!"

"யாரும் திருடலைங்க," என்றார் சம்பந்தம். "யாருக்கு எந்த உரிமைன்னு பொன்னேரியில ஒரே இடத்துல வெச்சிருக்கோம். இங்க நீங்க எதை மாத்தினாலும், காலையில பெட்டியைப் போட்டதும் அங்க இருக்கிறதுதான் வந்து இறங்கும்."

"அங்க வெச்சது எவன்?"

"நீங்கதாங்க. திறப்பு விழாவுல சொன்னீங்களே, பார்த்தால் போதும்னு. அன்னிக்கே ஏத்திட்டேன்."

வாசலில் அங்கமுத்துவுக்கு இருமல் வந்தது. தலைவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். பலகை அடித்திருந்ததால் பார்க்க ஒன்றும் இல்லை.

"அப்ப நான் நாளைக்கு வரலாமாங்க?" என்றாள் பரீதா.

"வராம? நீ வரலேன்னா யாரு தட்டுறது?" என்று அவள்மேலேயே எரிந்து விழுந்தார் தலைவர்.

சம்பந்தம் பொன்னேரிக்குப் போன் போட்டார். சற்று நேரத்தில் அழிக்கும் உரிமை முறைப்படி வந்து இறங்கியது. தலைவர் துண்டைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் நிமிர்ந்தார்.

"எதையாவது எடுத்துக் காட்டும்மா, ஒண்ணை அழிச்சுப் பாக்கறேன்."

பெட்டிக்குள் ஒரு மீனவர் பெயர்கூட இன்னும் ஏற்றப்படவில்லை.