இருமலைத் துடைத்த பாட்டு

கள்ளக்குறிச்சியில் ஹிப் ஹாப்பின் தந்தை என்று ஒருவர் இருக்கிறார். பெயர் இளமாறன். பட்டத்தை அவரே பிளெக்ஸ் அடித்து, அவரே எதிரில் நின்று படமும் எடுத்துக்கொண்டார். செல்போன் கடை மாடியில், சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறைதான் ஸ்டூடியோ.

ஒரு மதியம் சந்தோஷ் அங்கே வந்தான். மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குக் கரும்பு லோடு ஓட்டுகிறவன். ஆலை வாசலில் டிராக்டர்கள் வரிசையில் கிடக்கும் நேரமெல்லாம் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டி ராப் கட்டுவான்.

அவன் போனில் ஒரு குரல் இருந்தது. போன சீசனில் வயலில் எடுத்தது. "டேய், லோடு சாயுது பாரு!" என்று அப்போது அங்கே கரும்பு வெட்டிய தமிழ்மொழி கத்துகிறாள். பின்னால் கரும்பில் கத்தி விழும் சத்தம், யாரோ இருமும் சத்தம். அவள் இப்போது திருப்பூரில், பனியன் கம்பெனியில். அவளிடம் சொல்ல வாய் வராததையெல்லாம் ராப்பாக எழுதியிருந்தான். கேட்டால் புரிந்துகொள்வாள் என்று ஒரு நம்பிக்கை.

"ஹிப் ஹாப்னா இன்னான்னு நெனச்ச?" இளமாறன் கண்ணை மூடினார். "பீட்டு எலும்பு. பேஸு வயிறு. சாம்பிள் ரத்தம். ராப்பு மூச்சு."

கறிக்கடைக்காரர்கூட இவ்வளவு பிரிக்க மாட்டார்.

"அண்ணே, இந்தக் கொரலு திரும்பத் திரும்ப வரணும். அவ்ளோதான்."

"அதுக்குப் பேரு லூப்பு. இதுல குப்பை ஜாஸ்தி கீது. தொடச்சிடலாம்."

துடைத்தார். கத்தி போயிற்று, இருமல் போயிற்று. தமிழ்மொழியின் குரலுக்கு மெருகேற்றினார். பேங்கில் டோக்கன் நம்பர் கூப்பிடும் மிஷின் போல ஆயிற்று. மேலே சந்தோஷின் ராப்பைப் பதிந்து, அடியில் பேஸ் வைத்தார். கீழே கடையின் கண்ணாடி அலமாரி நடுங்கியது. முதலிலும் கடைசியிலும் தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டார்.

சந்தோஷ் பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பினான். சாயங்காலம் பதில் வந்தது.

"நல்லாகீதுடா. யாரு அந்தப் பொண்ணு?"

ஆலை வாசலில் முன்வண்டி நகர்ந்ததுகூட அவனுக்குத் தெரியவில்லை. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள். வண்டியை நகர்த்திவிட்டு, துடைக்காத பழைய ஒலியை, பீட் எதுவும் இல்லாமல், அப்படியே அனுப்பினான்.

இந்தத் தடவை அவள் பேசி அனுப்பினாள். பின்னால் தையல் மிஷின்கள் தடதடத்தன.

"டேய், இது அம்மா இருமல்தான? நான் போன் பண்ணா அடக்கிக்கினு பேசுதுடா. கேட்டா, 'இருமலா, எனக்கா'ன்னுது. இப்ப எப்டி கீதுன்னு எடுத்து அனுப்புடா. அதுக்குத் தெரிய வேணாம்."

பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனாலும் அந்த 'டேய்'யைத் திரும்பத் திரும்பக் கேட்டான். இந்த லூப்புக்குத் தந்தை தேவைப்படவில்லை.

மறுநாள் வயலில் அவள் அம்மா பூமாலை கரும்பு வெட்டிக்கொண்டிருந்தாள். போனில் பதிவை ஓடவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்தில் போய் நின்றான்.

"இன்னாத்துக்குடா மரமாட்டம் நிக்கிற? லோடு ஏத்து."

"ஒடம்பு எப்டி கீது, அத்தை?"

பூமாலை கத்தியோடு நிமிர்ந்தாள். "யாருக்கு யாருடா அத்த..." கோபம் பாதி வழியில் இருமலாக மாறியது. நிற்கவே இல்லை. தண்ணீர் பாட்டிலை எடுக்க ஓடினான்.

அனுப்புமுன் கேட்டுப் பார்த்தான். இருமலுக்கு முன்னால் அவனுடைய 'அத்தை' தெளிவாக விழுந்திருந்தது. அதை மட்டும் வெட்டிவிடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்தான்.

துடைக்காமலே அனுப்பினான்.