பிடுங்கக் கூடாத பிளக்

கீழே வருவதில் ஒரு சொல்கூட இட்டுக்கட்டியது இல்லை. கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. சத்தியம். நம்பாதவர்கள் அந்தத் தெருவுக்கே போய் விசாரித்துக்கொள்ளலாம். வீடு அங்கேதான் இருக்கிறது. பிளக் பாயிண்டும் அதே சுவரில்தான் இருக்கிறது.

அந்தப் பிளக்கின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடி விசிலம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். மூன்றடி தள்ளி, கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டிக்குள் அவள் கணவர் படுத்திருந்தார். காலை ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்திருந்தார்கள். நாலு மணிக்கு வண்டி வந்து எடுத்துப் போகும்.

"அண்ணி, கைய எடுங்க," என்றார் கொழுந்தன். "அந்தப் பிளக்க எனக்குக் குடுங்க. பெட்டி குளிரவே மாட்டேங்குது."

"அதான் உங்களுக்கு ஒண்ணு குடுத்தாச்சே."

"அதுல கரண்ட் வரல போலிருக்கு."

"இந்த வீட்ல எந்த சுவிட்சு ஒழுங்கா வேல செஞ்சுது? ஆட்டி ஆட்டிப் போடுங்க, வரும்."

நியாயமான பேச்சுதான். இறந்தவர் லிஃப்ட் மெக்கானிக். பதினெட்டு மாடிக் கட்டடத்து லிஃப்ட் எல்லாம் அவர் கை பட்டால் ஏறும், அவர் முறைத்தால் இறங்கும். சொந்த வீட்டில் மட்டும் ஃபேனுக்கு மனசு வந்தால் சுற்றும், விளக்குக்குப் பிடித்தால் எரியும். அன்றைக்கும் கூடத்து ஃபேன் சுற்றவில்லை. வந்தவர்கள் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பக்கத்து வீட்டு அக்கா பழைய கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொண்டே, "ஊரையே ஏத்தி எறக்கின மனுஷன், வீட்டு ஃபேனச் சுத்த வைக்கலையே" என்று மூக்கைச் சிந்தினாள். அதில் குறையைவிடப் பெருமைதான் அதிகம் இருந்தது.

விசிலம்மா காவல் காத்த பிளக்கின் மறுமுனையில், செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு மெஷின் தரையில் கிடந்தது. அவர் தன் கிடாரை அதில் செருகினால், ஐம்பது விதமான ஆம்ப்ளிஃபயர்களின் குரலை அதுவே போலி செய்து கொடுக்கும். அதன் மூலையில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எரிகிறதா என்று அவள் நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

விசிலம்மா என்பது வேலையிடத்தில் வைத்த பெயர். ஆடைத் தொழிற்சாலையின் தையல் கூடத்துக்கு அவள் மேற்பார்வையாளர். முந்நூறு தையல் மெஷின்கள் ஒன்றாக ஓடும் இடத்தில் தொண்டை எடுபடாது. அதனால் கழுத்தில் ஒரு விசில். அவள் ஊதினால் முந்நூறும் நிற்கும். ஒருநாள் வெளியே சாலையில் போன லாரியும் நின்று, டிரைவர் இறங்கிவந்து லைசென்ஸைக் காட்டினார் என்பது தையல் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம்.

அப்படிப்பட்டவள் பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "எனக்கு இங்கயாவது சத்தமே வேணாங்க" என்று சொன்னாள். ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அவர் பீரோ கனம் கனத்த தன் பழைய ஆம்ப்ளிஃபயரை மறுநாளே யாருக்கோ தள்ளிவிட்டு, இந்த மெஷினையும் ஒரு ஹெட்ஃபோனையும் வாங்கிவந்தார். அதிலிருந்து அவர் வாசித்தது எல்லாம் அவர் காதுக்குள்ளேயே நடந்தது. வெளியே கேட்டது ஜலதோஷம் பிடித்த பல்லி மாதிரி ஒரு டிக், டிக். வாசித்துக்கொண்டே இருப்பார். திடீரென்று நிறுத்திக் கம்பியை உள்ளங்கையால் மூடி, ஹெட்ஃபோனின் ஒரு காதை மட்டும் தூக்கிக் கேட்பார்: "கூப்பிட்டியா?"

"இல்லையே."

மறுபடி டிக், டிக். கொஞ்ச நேரத்தில் மறுபடி, "கூப்பிட்டியா?" பதினோரு வருஷத்தில் ஒருநாள்கூட அவள் கூப்பிட்டிருக்கவில்லை.

அவள் ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் போகும்போதாவது வெளியே கேட்கட்டும் என்று ஒரு ஸ்பீக்கர் பெட்டி, அதாவது கேபினெட், வாங்க ஆசைப்பட்டார். பின்பக்கம் மூடியதா, திறந்ததா? பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர் ஒன்றா, இரண்டா? இதை எழுதி எழுதி ஒரு நோட்டுப் புத்தகம் முடிந்து இரண்டாவது ஆரம்பித்திருந்தது. "கவர்மெண்டே மூணு தடவ கேபினெட்ட மாத்திருச்சு. உங்களால ஒரு கேபினெட் வாங்க முடியல" என்று அவள் குத்திக்காட்டுவாள். "அவங்க அவசரப்பட்டுட்டாங்க" என்பார்.

முந்தாநாள் காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மூக்கிலிருந்த குழாயை விலக்கிச் சொன்னார்: "மெஷின ஆஃப் பண்ணிடாத. வாசிச்சது ஒண்ணு உள்ள இருக்கு. கரண்ட் போனா அழிஞ்சிரும். ஸ்பீக்கர் வாங்கினதும் உனக்குப் போட்டுக் காட்டறேன்."

"மொதல்ல நீங்க வந்து சேருங்க," என்றாள் அவள்.

வந்து சேர்ந்தார். அதைக் குறை சொல்ல முடியாது.

பதினோரு மணிக்கு அவள் எழுந்தாள். "அக்கா, இங்க வந்து உக்காருங்க. யாரு கேட்டாலும் பிளக்க விட்டுராதீங்க."

பக்கத்து வீட்டு அக்கா உட்கார்ந்தால் கிரேன் வந்துதான் எழுப்ப வேண்டும். நம்பி ஒப்படைத்தாள்.

"எங்க அண்ணி போறீங்க, இந்த நேரத்துல?"

"ஸ்பீக்கர் வாங்க."

அவள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். தெருமுனைக் கம்பத்தில் ஏதோ ஒரு நோட்டீஸ், பசை காயாமல் ஒட்டியிருந்தது. துக்க வீட்டிலிருந்து போகிறவர்கள் யார் நின்று படிக்கிறார்கள்?

இசைக்கருவிக் கடை இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில், பெரிய சாலையில் இருந்தது. விஷயத்தைக் கேட்டதும் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"போன சனிக்கிழமகூட வந்தாரேம்மா. வந்து இந்தப் பெட்டியத் தட்டிப் பாத்துட்டு, வழக்கம்போல 'யோசிக்கறேன்'னு போனாரு." அவர் காட்டியது பின்பக்கம் மூடிய ஒரு கறுப்புப் பெட்டி. அதன் மேல் மூலை ஒன்று, தட்டித் தட்டியே பளபளத்திருந்தது. "அவருக்காக எடுத்து வெச்சேன்னு சொன்னா பொய். அவரு இவ்வளவு யோசிக்கறதப் பாத்து வேற யாரும் இத வாங்கல."

"இதையே குடுங்க."

"குடுக்கறேன். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு ஹெட்ஃபோன்லதான வாசிச்சாரு?"

"ஆமா."

"அங்கதாம்மா சிக்கல்." கடைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டார். "ஹெட்ஃபோனுக்குன்னா மெஷின் ஆம்ப்ளிஃபயர மட்டும் போலி பண்ணாது. முன்னாடி ஒரு ஸ்பீக்கர் பெட்டி இருக்கற மாதிரியும் சேத்துப் போலி பண்ணும். அதோட கொண்டுபோய் நெசமான கிடார் பெட்டில விட்டீங்கன்னா, கண்ணாடி மேல கண்ணாடி போட்ட மாதிரி. எல்லாம் மங்கிரும், மெத்தைக்கு அடியில வாசிக்கற மாதிரி கேக்கும். அதுக்கு மெஷின்ல அந்தப் போலிப் பெட்டிய அணைக்கணும். உங்களுக்கு அணைக்கத் தெரியுமா?"

"அதுல ஒரு பட்டனத் தொடவே எனக்கு பயமா இருக்கு."

"அப்ப இது வேணாம். அதோ அந்தச் சாம்பல் கலர் இருக்கு பாருங்க. அதுக்கு சொந்தக் குரலே கெடையாது. உள்ள என்ன வருதோ அத அப்படியே வெளிய விடும். ஆனா உங்க வீட்டுக்காரருக்கு அதப் பிடிக்காது. 'இது ஸ்பீக்கரே இல்ல, தபால்காரன்'ம்பாரு."

அவள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். கறுப்புப் பெட்டியின் பளபளத்த மூலையை ஒரு விரலால் தொட்டாள். பதினோரு வருஷமாக அவர் கேட்க ஆசைப்பட்டது அது. பதினோரு வருஷமாக அவர் கேட்டது இன்னொன்று.

"அவருக்கு எது பிடிக்கும்ங்கறது இருக்கட்டும்," என்றாள். "அவரு காதுல என்ன கேட்டுச்சோ, அதான் எனக்கு வேணும். தபால்காரனையே குடுங்க."

கடைக்காரர் தன் வண்டியிலேயே பெட்டியையும் அவளையும் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வாசலுக்கு வந்தபோது மணி இரண்டரை. பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, தூரத்திலிருந்து வந்த சித்தியைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். கிரேன் இல்லாமலே எழுந்துவிட்டாள். விசிலம்மா உள்ளே எட்டிப் பார்த்தாள். கொழுந்தன் குனிந்து, இரண்டு விரலால் பிளக்கைப் பிடித்திருந்தார்.

கத்தினால் எட்டாது என்று தொண்டைக்குத் தெரிந்திருக்க வேண்டும். கை தானாகக் கழுத்துக்குப் போனது; முந்தாநாள் வேலைக்குக் கிளம்பும்போது மாட்டிய விசில் இன்னும் அங்கேயே கிடந்தது. ஊதினாள்.

கொழுந்தனின் கை அப்படியே நின்றது. சித்தியின் அழுகை பாதியில் நின்றது. எதிர்வீட்டு நாய் குரைக்க எடுத்த வாயை மூடிக்கொண்டது. அந்தப் பதினோரு வருஷத்தில் வீட்டில் அவள் விசிலை ஒருநாள்கூட ஊதியதில்லை.

கொழுந்தன் நிமிர்ந்தார். கண் சிவந்திருந்தது. "அண்ணன் மொகம் மாறிருமோன்னு பயமா இருக்கு அண்ணி. வெயில் கொளுத்துது. இது ஐஸ் மாதிரி இருக்கணும், வெதுவெதுன்னு இருக்கு. அதான்..."

அவள் கண்ணாடிக்குள் பார்த்தாள். முகம் மாறவில்லை. யோசிக்கிறேன் என்று சொல்லும்போது இருக்கும் முகம்தான்.

"இந்த ஸ்பீக்கருக்கு ஒரு பிளக் வேணும் தம்பி. அஞ்சு நிமிஷம்."

கொழுந்தன் அண்ணனைப் பார்த்தார், அண்ணியைப் பார்த்தார். பிறகு தாமே குனிந்து குளிர்பெட்டியின் பிளக்கைப் பிடுங்கி, சாம்பல் பெட்டியின் பிளக்கைச் செருகினார். கடைக்காரர் மெஷினுக்கும் ஸ்பீக்கருக்கும் ஒயரை மாட்டிவிட்டுத் தள்ளி நின்றார். "மெஷின்ல மூணு மிதிபட்டன் இருக்கும்மா. ஒண்ணு வாசிக்க வைக்கும், ஒண்ணு அழிச்சிரும். எது எதுன்னு அவரு எப்படி வெச்சிருந்தாரோ, எனக்குத் தெரியாது."

அவளுக்குத் தெரிந்திருந்தது. கவனித்தோம் என்று அவளுக்கே தெரியாமல் கவனித்திருந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வலதுகால் பெருவிரலால், இடது ஓரத்துப் பட்டனை மெல்ல அழுத்தினாள்.

கூடத்தில் ஒரு கிடார் வாசிக்க ஆரம்பித்தது.

சத்தமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். இல்லை. லிஃப்ட் ஒன்று மேல் மாடியிலிருந்து ஒவ்வொரு தளமாக இறங்குவதுபோல், ஒவ்வொரு சுரமாக, அவசரமில்லாமல் இறங்கியது. ஒரு தளத்தில் கொஞ்சம் நின்று, யாரும் ஏறவில்லை என்று மறுபடி புறப்பட்டது. தரைக்கு வந்து சேர்ந்ததும் உள்ளங்கை கம்பியை மூடும் ஓசை. பிறகு ஒன்றுமில்லை. ஒருவர் கேள்வி கேட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும் நேரம். பிறகு மேலிருந்து மறுபடியும்.

"நின்னு நின்னு வருதே, ஒயர்ல லூஸ் கனெக்‌ஷனா?" என்றார் கொழுந்தன்.

"இல்லைங்க," என்றார் கடைக்காரர். "அவரு அங்க நிறுத்தியிருக்காரு. எதுக்குன்னு தெரியல."

இரண்டாம் முறை உள்ளங்கை கம்பியை மூடியபோது விசிலம்மாவின் தலை நிமிர்ந்தது. மூன்றாம் முறை அவள் உதடு தன்னால் அசைந்தது. "இல்லையே."

"யாருகிட்ட பேசறீங்க அண்ணி?"

அவள் தரையில் உட்கார்ந்து, சாம்பல் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள். சுரங்கள் இறங்கின. நின்றன, புறப்பட்டன, தரைக்கு வந்தன. உள்ளங்கை கம்பியை மூடியது.

"ஆமா," என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.

மறுபடி மேலிருந்து ஆரம்பித்தது.

அஞ்சு நிமிஷம் என்று சொன்னது ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. குளிர்பெட்டியின் பிளக்கை யாரும் திரும்பக் கேட்கவில்லை. நாலு மணிக்கு வண்டி வந்து, அவரைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியபோதும் யாரும் மெஷினை நிறுத்தவில்லை. தெருமுனைவரைக்கும் கேட்டதாக எல்லாரும் சொல்கிறார்கள்.

அந்தத் தெருமுனைக் கம்பத்து நோட்டீஸில் எழுதியிருந்தது இது: பராமரிப்புப் பணி காரணமாக, அன்று காலை ஒன்பது மணி முதல் மாலை ஐந்து மணி வரை அந்தத் தெரு முழுவதும் மின்சாரம் கிடையாது. சொன்னபடியே, ஒரு நிமிஷம்கூட கரண்ட் இருக்கவில்லை.