கழற்றாத தொப்பி

லாயிட் கங்காஸின் சிவப்புக் கட்டம் போட்ட கம்பளித் தொப்பி அவர் தலையை விட்டு இறங்கிப் பார்த்தவர்கள் ஊரில் குறைவு. தேவாலயத்துக்குள் நுழையும்போது கழற்றி மடியில் வைத்துக்கொள்வார், வெளியே கால் வைத்ததும் மாட்டிக்கொள்வார். தொப்பியின் ஓரத்தில் மீன் தூண்டிலுக்குக் கட்டும் பச்சை இறகு ஒன்று செருகியிருக்கும். கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணியின் பேருந்தை அவர்தான் ஓட்டினார். வெளியூர் அரங்குகளின் வாசலில் பத்துப் பேருந்து நின்றாலும் அந்த இறகைப் பார்த்துத்தான் பெண்கள் வந்து ஏறுவார்கள்.

ஜோசி பெல்மோர் அந்தக் கல்லூரியில் ஆடிய நான்கு குளிர்காலமும் ஊருக்குத் தொப்பிச் செலவு அதிகம். ஒருத்தி ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் போட்டால் பார்க்க வந்தவர்கள் தொப்பியைக் கழற்றிப் பனித்தளத்தில் வீசுவது வழக்கம். ஜோசி ஹாட்ரிக் அடித்த நாட்களில் ஊரே வெறுந்தலையோடு வீடு திரும்பியது. லாயிட் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"தொப்பிய பசை போட்டு ஒட்டியிருக்கீங்களா மாமா?" என்று பேருந்தில் ஏறும்போது வம்பிழுப்பாள் ஜோசி.

"இந்தக் காலேஜ்ல வலையக் காக்குற கோலிங்கல்லாம் கதவத் தொறந்து போட்டுட்டு நிக்கிறாளுங்க. இதுக்குப் போயி தொப்பியா? பெரிய ஆட்டத்துக்குப் போயி மூணு போடு, அப்ப வீசறேன்."

"அப்ப அந்தத் தொப்பி எனக்குத்தான். பேச்சு மாறக் கூடாது."

"மொதல்ல போடு. அப்புறம் பேசு."

லாயிட்டின் வாய்தான் இப்படி. பயிற்சி முடிந்து மற்றவர்கள் பேருந்தில் ஏறிய பிறகும் ஜோசி கோல் வலைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பாள். தோழி ஒருத்தி தூரத்திலிருந்து பக்கை அடிப்பாள். பறந்து வரும் அந்த ரப்பர் வில்லையை ஜோசி மட்டை நுனியால் லேசாகத் தொட்டுத் திசை திருப்பிவிடுவாள். கடைசி நொடியில் மணிக்கட்டு ஒரு திருப்பு திருப்பும், அவ்வளவுதான். அவளைத் திட்டிக் கூப்பிட உள்ளே போகும் லாயிட், கண்ணாடித் தடுப்பில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்த வேலையை மறந்து நிற்பார். இப்படி ஒருத்தி நம் ஊருக்கு வந்து ஆடுகிறாளே என்று நெஞ்சு நிறைந்துவிடும். ஆனால் கங்காஸ் வீட்டில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே பாராட்டிப் பழக்கமில்லை. நான்கு வருடத்தில் ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை மனிதர். அந்தத் தொப்பிதான் அவருடைய பாராட்டு. அதையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மினியாப்பொலிஸ் தொழில்முறை அணி ஜோசியை எடுத்தபோது, தூண்டில் கடை கெர்ரி உதட்டைப் பிதுக்கினான். "ரொம்பப் பொடிசு. அங்க நசுக்கிடுவாங்க."

"உன் மூஞ்சிய நசுக்கிடுவேன்" என்று லாயிட் சண்டைக்கே போய்விட்டார்.

முதல் வருடம் ஜோசி பெரும்பாலும் ஓரப் பலகையில்தான் உட்கார்ந்திருந்தாள். கெர்ரியின் வாய் நீண்டது. இரண்டாவது குளிர்காலத்தில் கோலுக்கு முன்னால் அவளுக்கென்று ஓர் இடம் கிடைத்தது. ஒரு ஞாயிறு மதிய ஆட்டத்துக்கு லாயிட்டும் மனைவி டார்லீனும் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள்.

அன்று ஜோசி இரண்டு கோல் போட்டாள். எதிரணியும் இரண்டு போட்டது. ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தன. ஜோசியின் அணித் தடுப்பாட்டக்காரி இங்க்ரிட் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தாள். வலைக்கு முன்னால் ஜோசியும் மற்றவர்களும் கூட்டமாக நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். பக் வலைக்குள் விழுந்தது. அரங்கம் எழுந்து கத்துவதற்குள் சிவப்புக் கட்டத் தொப்பி ஒன்று கண்ணாடிக்கு மேலாகப் பறந்து பனித்தளத்தில் விழுந்தது.

"கோல் அடித்தவர், இங்க்ரிட் ஹாலஸ்!" என்று ஒலிபெருக்கி அறிவித்தது.

அரங்கம் சிரித்தது. பின்வரிசை ஆள் ஒருவன், "தாத்தா, எண்ணத் தெரியாதா? அவ போட்டது ரெண்டுதான்!" என்றான். நடுவர் தொப்பியை எடுத்துக்கொண்டு தண்டனைப் பெட்டிப் பக்கம் திரும்பினார். ஹாட்ரிக் தொப்பிக்குத்தான் மன்னிப்பு உண்டு. வேறு எதற்காகச் சொந்த ரசிகர்கள் எதை வீசினாலும் அணி இரண்டு நிமிடம் ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டியிருக்கும்.

"என்ன காரியம் பண்ணிட்ட லாயிட்? அது அவ போட்டதில்ல!" டார்லீன் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அவதான் போட்டா. மணிக்கட்டத் திருப்புனா, நான் பாத்தேன்."

"இவ்ளோ தூரத்துலேர்ந்தா?"

லாயிட்டுக்கே சந்தேகம் தட்டியது. கண் ஏமாற்றியிருந்தால்? இந்தத் தண்டனையில் ஆட்டம் கைவிட்டுப் போனால், ஊர்க்காரக் கிழவனால் ஜோசியல்லவா தலைகுனிந்து நிற்க வேண்டும்? குளிர் அரங்கத்தில் அவருக்கு வேர்த்தது.

கீழே ஜோசி நடுவரின் கையிலிருந்த தொப்பியைப் பார்த்தாள். பச்சை இறகைப் பார்த்தாள். சட்டென்று தலையைத் தூக்கிக் கூட்டத்துக்குள் தேடினாள். அது தன் கோல் என்று அவள் உரிமை கேட்கவில்லை. இங்க்ரிட்தான் நடுவரிடம் விரைந்து போய் ஜோசியின் மட்டை நுனியைத் தொட்டுக் காட்டினாள். பெரிய திரையில் அந்த அடி மெதுவாக ஓடியது. பக் வருகிறது. மட்டை நுனி தொடுகிறது. திசை மாறுகிறது. அரங்கம் முழுக்க ஒரே குரலில் "ஓ!" என்றது.

"திருத்தம். கோல் அடித்தவர், ஜோசி பெல்மோர். இன்று அவருடைய மூன்றாவது கோல்!"

தொப்பிகள் கொட்டின. பின்வரிசை ஆள் தன் தொப்பியையும் வீசிவிட்டு, "மன்னிச்சுக்க தாத்தா" என்று லாயிட்டின் முதுகைத் தட்டினான். ஜோசி நடுவரின் கையிலிருந்து சிவப்புத் தொப்பியை வாங்கித் தலைக்கவசத்தின் மேலேயே வைத்துக்கொண்டாள். டார்லீன் அழுதாள். லாயிட் மூக்கைச் சிந்திக்கொண்டார்.

ஆட்டம் அதே கணக்கில் வெற்றியாக முடிந்தது. ஆட்டக்காரர்கள் வெளிவரும் வாசலில் டார்லீன் வீட்டில் சுட்ட, இறைச்சி அடைத்த பேஸ்டி ரொட்டிகளைக் காகிதத்தில் சுற்றி வைத்துக்கொண்டு நின்றாள். ஜோசி தொப்பியோடே வந்தாள்.

"காது விறைச்சுப் போயிடும் மாமா. இந்தாங்க, இன்னிக்குப் போட்டுக்கங்க."

"வேணாம். அது உன்னுது."

"என்ன இருந்தாலும் இந்தக் கோலியும் கதவத் தொறந்து போட்டுட்டுத்தான நின்னா?"

லாயிட் தரையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"எவளும் தொறந்து போட்டு நிக்கலம்மா. காலேஜ்லயும் சரி, இங்கயும் சரி. நீதான் தொறந்த. உன்ன மாதிரி ஒருத்திய என் ஆயுசுல நான் பாத்ததில்ல."

ஜோசி தொப்பியைக் காது வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு அவரைக் கட்டிப்பிடித்தாள்.

மறுநாள் காலை லாயிட் வெறுந்தலையோடு தூண்டில் கடைக்குள் நுழைந்தார். கெர்ரி கையிலிருந்த காப்பியைக் கீழே வைத்தான்.

"என்னய்யா இது! தொப்பி எங்க?"

"மினியாப்பொலிஸ்ல" என்றார் லாயிட், வழுக்கையைத் தடவிக்கொண்டே. "அதுவும் பெரிய ஆட்டத்துக்குப் போயிடுச்சு."