நோட்டின் பின்பக்கம்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதையின் முதல் வரியை நான் 1983இல் எழுதினேன், சம்பளத்துக்கு. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்கு அருகே, மாடியில் இருந்த ஒரு பைனான்ஸ் கம்பெனியில் நான் டைப்பிஸ்ட். பாக்கி வைத்தவர்களுக்குத் தபால் கார்டில்தான் கடிதம் அடிக்க வேண்டும் என்பது முதலாளியின் உத்தரவு. கவரில் போட்டால் வாங்குகிறவர் மட்டும் படிப்பார். கார்டு என்றால் தபால்காரரிலிருந்து டீக்கடை வரைக்கும் படிக்கும்.

நான் அடித்த வரி: 'வாங்கும்போது நீண்ட கை கொடுக்கும்போது எங்கே போயிற்று?'

ஏரியூர்ப் பக்கம் இருந்த புஷ்பமேரிக்கு அது போயிற்று. பல வருடம் கழித்துக் கதை எழுத உட்கார்ந்தபோது அந்த வரியை மறைத்துவிட்டு வேறு தொடக்கங்கள் தேடினேன்.

'மொபெட் சத்தம் கேட்டதும் புஷ்பமேரியின் நெஞ்சு படபட

(நிறுத்திவிட்டேன். படபடத்தது என்பது என் கற்பனை. அவளிடமே பிறகு கேட்டேன். "படபடப்பெல்லாம் இல்லீங்க, எரிச்சலா இருக்கும்" என்றாள்.)

'அது மழை பொய்த்த ஆண்டு. கிணறுகள்

(இப்படி ஆரம்பித்தால் பழியெல்லாம் மழைமேல் போய்விடும். நானும் முதலாளியும் தப்பித்துக்கொள்வோம்.)

ஆகவே நேராகவே சொல்கிறேன்.

2

புஷ்பமேரிக்கு அப்போது முப்பத்துநாலு வயது. ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். அவள் கணவன் கஸ்பார் 1981 ஆகஸ்ட் பதினேழாம் தேதி, கிணற்றுக்கு ஆயில் என்ஜின் வாங்க மூவாயிரம் ரூபாய் கடன் எடுத்தான். புரோநோட்டில், அதாவது கடன் பத்திரத்தில், அவன் முதல் கையெழுத்து, அவள் இரண்டாவது. அடுத்த வருடமே கிணறு காய்ந்தது. என்ஜின் பாதி விலைக்குப் போனது. கஸ்பார் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனான். எப்போதாவது பணம் வரும், பெரும்பாலும் வராது.

கடனை அவள்தான் கட்டினாள். ஐம்பதும் நூறுமாக, மூன்று வருடத்தில் இரண்டாயிரத்து நூற்றைம்பது ரூபாய். வசூலுக்கு வருகிற மாதையன் வாங்கித் தன் பாக்கெட் நோட்டில் குறித்துக்கொள்வான். ரசீது கிடையாது. கட்டியதெல்லாம் வட்டிக்கே சரியாகப் போய்விட்டது, அசல் மூவாயிரமும் அப்படியே நிற்கிறது என்றது கம்பெனி.

மாதையன் வீட்டுக்கு வரமாட்டான். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும் நேரம் பார்த்துப் பள்ளிக்கூட வாசலுக்கு மொபெட்டில் வருவான்.

"ஏம்மா, ஊரு புள்ளைங்களுக்குச் சோறு போடறல்ல? எங்க காச எப்பப் போடுவ?"

வரிசை மொத்தமும் அவளைப் பார்க்கும். அவள் கரண்டியை நிறுத்தமாட்டாள். கடைசிப் பிள்ளைக்கும் போட்டு முடித்துவிட்டுத்தான் வாசலுக்கு வருவாள். அதுவரை அவன் வெயிலில் நிற்க வேண்டியதுதான். (அவள் எனக்குப் பிடித்துப்போனதே இந்த இடத்தில்தான்.)

3

1984 ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதையன் அவள் வீட்டுக்கு வந்தான். செருப்பை வெளியே கழற்றினான்.

"அக்கா, நல்லாருக்கீங்களா? ஒரு அஞ்சு ரூபா மட்டும் குடுங்க, போதும்."

"அஞ்சா?"

"ஆமாங்க்கா. உங்க கஷ்டம் முதலாளிக்குத் தெரியாதா? அஞ்சு ரூபா கட்டனதா புரோநோட்டுக்குப் பின்னால எழுதி ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. அப்புறம் மெதுவாக் கட்டிக்கலாம்."

மூன்று வருடமாக 'ஏம்மா' என்றவன் 'அக்கா' என்கிறான். நூறு கொடுத்தாலும் முகம் சுளித்தவனுக்கு அஞ்சு போதுமாம். புஷ்பமேரி அதிகம் படித்தவள் இல்லை. ஆனால் மூட்டை அரிசியில் எத்தனை கிலோ குறைகிறது என்பதைத் தூக்கிப் பார்த்தே சொல்லக்கூடியவள். இதிலும் ஏதோ எடை உதைத்தது.

"சில்லறை இல்லீங்க. அடுத்த வாரம் வாங்க" என்று அனுப்பிவிட்டாள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டுத் தருமபுரிக்கு பஸ் ஏறினாள். கோர்ட்டு வாசலில் வக்கீல் குமாஸ்தா சவுரியப்பன் இருந்தார். மாதா கோவிலில் பூசை முடிந்து பார்த்துப் பேசுகிற பழக்கம். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும் அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"இதுக்கு முன்னாடி பணம் கட்டனப்ப எங்கயாவது கையெழுத்துப் போட்டியாம்மா?"

"இல்லீங்க. அவரேதான் எழுதிக்குவாரு."

"அப்பப் பொழச்ச. புரோநோட்டுக்கு மூணு வருஷம்தான் காலக்கெடு. ஆகஸ்ட்டு பதினேழு தாண்டுச்சின்னா அத வெச்சிக்கிட்டுக் கோர்ட்டுக்கு வர முடியாது. அதுக்குள்ள நீ அஞ்சு ரூபா கட்டி, பின்பக்கம் கையெழுத்துப் போட்டன்னு வையி, அன்னையிலருந்து புதுசா மூணு வருஷம். அதுக்குத்தான் அந்த அஞ்சு ரூபா."

"அதுக்குள்ள கேஸு போட்டாங்கன்னா?"

"போடலாம். ஆனா போட்டா, நீ கட்டன கணக்கு வெளிய வரும், அவங்க வாங்கற வட்டி வெளிய வரும். அதனாலதான் கையெழுத்துக்கு அலையறாங்க. லெட்டர் எழுதாத, மணியார்டர் அனுப்பாத. எதுலயும் உன் கையெழுத்து இருக்கக் கூடாது."

அவள் கிளம்பவில்லை. "அப்ப, பதினேழாந்தேதியோட கடன் போயிடுமுங்களா?"

"கடன் எங்க போவும்? கேஸு போடற உரிமைதான் போவும். கடன் அப்புடியேதான் இருக்கும்."

பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு ஓடியது அந்தக் கடைசி வரிதான். ஊர் வந்து இறங்குவதற்குள் இரண்டு முடிவு எடுத்திருந்தாள். கையெழுத்துப் போடுவதில்லை. மூவாயிரத்தில் மீதி எண்ணூற்றைம்பதைக் கொடுக்காமல் விடுவதுமில்லை.

4

(இங்கே ஒரு திருத்தம். முதல் பிரதியில் மாதையனுக்கு முறுக்கு மீசையும் சிவந்த கண்ணும் வைத்திருந்தேன். அடித்துவிட்டேன். அவனுக்கு மீசை சரியாக முளைக்கவேயில்லை. ஆபீசில் என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் களியும் கடைந்த கீரையும் சாப்பிடுவான். அவன் பொறுப்பில் இருக்கிற நோட்டு ஏதாவது காலாவதியானால் நஷ்டத்தை அவன் சம்பளத்தில் பிடிப்பார்கள். அந்த விதியை அடித்தவளும் நான்தான்.)

அடுத்த வாரம் வந்தான். அதற்கடுத்த வாரமும் வந்தான். ஒவ்வொரு முறையும் அவள் "இல்லீங்க" என்றாள். ஒரு தடவை பத்து ரூபாயை அவனே எடுத்து நீட்டி, "நானே கட்டறேன், நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றான். அதற்கும் "இல்லீங்க".

ஆகஸ்ட் பதினாறாம் தேதி, வியாழக்கிழமை. காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டுப் புஷ்பமேரியின் புரோநோட்டைக் கொடுத்தார். பின்பக்கம் அடிக்கச் சொன்னார்: 'இன்று ரூபாய் ஐந்து மட்டும் செலுத்தினேன்.' அடித்தேன். கீழே கையெழுத்துக்கு இடம் விட்டேன். முதலாளி அதை மாதையனிடம் கொடுத்து, "அவ போடலன்னா நீ போடு. முன்பக்கம் இருக்குதில்ல, பாத்து எழுது" என்றார்.

நான் மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் மாதையன் பள்ளிக்கூடத்துக்குப் போனான். பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தன. புஷ்பமேரி அண்டா கழுவுவதை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் நோட்டை எடுத்து அவள் கையிலேயே கொடுத்துவிட்டான்.

"என்னையே போடச் சொல்லிட்டாங்க அக்கா. வழியில வண்டிய நிறுத்தி மடியில வெச்சிப் பாத்தேன். கை வரல."

"ஏன்?"

"நல்லவன்னு நெனச்சிக்காதீங்க. மாட்டிக்கினா ஜெயிலுக்குப் போறது நானு. முதலாளியா போவாரு? நீங்க போடலன்னா என் சம்பளத்துல புடிப்பாங்க. அதயும் சொல்லிடறேன்."

மூன்று வருடம் கழித்து அந்தக் காகிதத்தை அவள் இப்போதுதான் பார்க்கிறாள். கஸ்பாரின் கோணல் கையெழுத்து, கீழே அவளுடையது. பின்னால் அடுப்பு இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

(நான் எழுதிய பிரதி ஒன்றில் அவள் அதை அடுப்பில் போட்டாள். நண்பர்களுக்குப் படித்துக் காட்டியபோது கை தட்டினார்கள். ஆனால் அவள் போடவில்லை.)

அவள் நோட்டைப் பழையபடி மடித்து அவனிடமே நீட்டினாள்.

"பத்திரமா எடுத்துக்கினு போங்க. நான் கையெழுத்துப் போடமாட்டேன். நீங்களும் போடாதீங்க. உங்க சம்பளத்துக்காக நான் இன்னும் மூணு வருஷம் இந்த வாசல்ல பேச்சு வாங்க முடியாது. திங்கக்கெழம நானே ஆபீசுக்கு வர்றேன்னு சொல்லுங்க."

5

பதினேழாம் தேதி எதுவும் நடக்கவில்லை. அதுதான் அன்றைய விசேஷம்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அவள் மாடிப்படி ஏறி வந்தாள். இரண்டு ஆடு விற்ற காசும், கஸ்பார் அனுப்பியதும், சீட்டுப் பணமும் சேர்த்து எண்ணூற்றைம்பது. நான் முதல்முறை அவளைப் பார்த்தது அப்போதுதான். உயரம் குறைவு. வாயல் சேலை.

முதலாளி வட்டியும் சேர்த்து நாலாயிரத்துச் சொச்சம் என்று ஆரம்பித்தார்.

"நோட்டுக்குக் கெடு முடிஞ்சிபோச்சிங்க" என்றாள். "நீங்க என்னை ஒண்ணும் பண்ண முடியாது. இருந்தாலும் வாங்கனது மூவாயிரம். அதுல மீதிய நானாத்தான் குடுக்க வந்தேன். நோட்டக் குடுங்க, தீந்துச்சின்னு எழுதிக் குடுங்க, பணத்த வெச்சிட்டுப் போறேன்."

அவர் அவளையும் பணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கிடைப்பது எண்ணூற்றைம்பது, இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்று அவருக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆயிற்று. அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: 'புஷ்பமேரியின் ஏழ்மையைக் கருதி மீதித் தொகை தள்ளுபடி செய்யப்பட்டது.'

"என்ன எழுதியிருக்கீங்கம்மா? படிங்க" என்றாள் என்னிடம்.

படித்தேன்.

"தள்ளுபடி வேணாம். ஏழ்மையும் வேணாம். வாங்கனதக் குடுத்துட்டேன், கடன் தீந்துச்சின்னு போடுங்க."

"எல்லாம் ஒண்ணுதாம்மா" என்றார் முதலாளி.

"ஒண்ணுன்னா நான் சொன்ன மாதிரியே போடலாமில்லீங்க?"

அவர் எழுந்து சாப்பிடப் போய்விட்டார். அவள் பணத்தை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். ஒரு மணி, இரண்டு மணி. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். மூன்று மணிக்கு அவர் திரும்பி வந்தபோதும் அதே பெஞ்சில் இருந்தாள். அவர் என்னைப் பார்த்து, அடி என்பதுபோலக் கையை அசைத்தார். புதுத் தாள் சொருகினேன். 'கடன் தீர்ந்தது.' என் வேலையில் அதுவரை நான் அடித்திராத வாக்கியம் அது. வேறொருத்தி சொல்லித்தான் எழுதினேன்.

கையெழுத்துப் போட்டது முதலாளி.

6

கதை இங்கே முடிந்திருக்கலாம். முடிக்க விடாமல் இன்னொரு தாள் இருக்கிறது. அசல் வந்துவிட்ட பிறகும், 'வட்டி நஷ்டம்' என்று ஐந்நூறு ரூபாயை மாதையன் சம்பளத்தில் மாதம் ஐம்பதாகப் பிடிக்கச் சொல்லி ஒரு தாள். அதையும் நான்தான் அடித்தேன்.

அக்டோபரில் வேறொரு பாக்கிக்காக மாதையன் அந்த ஊருக்குப் போனான். மொபெட் பஞ்சர். தள்ளிக்கொண்டு பள்ளிக்கூடத்தைத் தாண்டும்போது அவள் பார்த்துவிட்டாள்.

"மாதையா, இந்த வெயில்ல எங்க தள்ளிக்கினு போற? உள்ள வா."

வண்டியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தான். ஒரு சொம்பு தண்ணீரையும் குடித்துவிட்டு, "பத்து மாசம் புடிப்பாங்களாம் அக்கா. மாசம் அம்பது" என்றான். குறையாகச் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை.

அவள் முடிவைப் பல விதமாக எழுதிப் பார்த்தேன்.

'முந்தானையில் முடிந்திருந்த ஐம்பது ரூபாயை அவிழ்த்து

(இல்லை. யாருக்கும் பாக்கி இல்லை என்று எழுதி வாங்கிவந்தவள் அவள்.)

'"அது உனக்கும் உன் முதலாளிக்கும்" என்று சொல்லிவிட்டு

(இதுவும் இல்லை. போலிக் கையெழுத்துப் போடாத கை அவனுடையது. பயத்தினால் என்றாலும்.)

இருவரையும் தனித்தனியாகக் கேட்டேன். தண்ணீர் குடித்தது வரைக்கும் இருவரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அதற்குமேல் மாதையன் சிரித்தான், புஷ்பமேரி பேச்சை மாற்றினாள்.

ஊகித்து எழுத எனக்கு உரிமை இல்லை. அவன் சம்பளத்தைப் பிடித்த தாளில் இருப்பது என் விரல்கள். நீங்கள் எதையும் அடித்துக் கொடுக்கவில்லை. அவளோடு பஸ்ஸில் போய் வந்தீர்கள், பெஞ்சில் மூன்று மணி வரை உட்கார்ந்திருந்தீர்கள். அவன் காலிச் சொம்பைக் கீழே வைக்கிறான். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள். என்ன சொன்னாள் என்று நீங்கள் எழுதுங்கள்.