லாடாவின் சிலுப்பல்

காங்ரா பள்ளத்தாக்குக்கு மேலே, கஜ் கணவாய் உச்சியில் ஆட்டு மந்தை மொத்தமும் நின்றுவிட்டது. எல்லாம் ஒரே ஒரு கிடாவால்தான். லாடா என்று அதற்குப் பெயர். அவர்கள் பேச்சில் மாப்பிள்ளை என்று அர்த்தம். நடையும் அப்படித்தான், பெண் வீட்டார் எதிர்கொண்டு அழைக்க வந்தது போல ஒரு மிதப்பு.

போன ஐப்பசியில் இதே கணவாயில் பனி கொட்டி மந்தை சிக்கிக்கொண்டபோது, மந்தைக்காரி ஜிந்தோவின் புருஷன் மிங்லு ஒரு நேர்த்தி நேர்ந்தான். எல்லா ஆடும் உயிரோடு இறங்கிவிட்டால், அடுத்த முறை ஏறும்போது முன்னால் நடக்கும் கிடா சிவனுக்குப் பலி. ஓர் ஆடுகூடச் சாகவில்லை. நெஞ்சளவு பனியை முட்டி வழி உண்டாக்கிக் கொடுத்ததே லாடாதான்! ஜிந்தோவுக்கு அதுதான் ஆறவில்லை. பிறந்த அன்று குளிரில் விறைத்துக் கிடந்த குட்டியைத் தன் கம்பளி அங்கிக்குள் மார்போடு கட்டிக்கொண்டு நடந்தவள் அவள்.

சூலங்கள் நட்ட கல்மேட்டின் முன்னால் மிங்லு கிடாவின் முதுகில் தண்ணீர் தெளித்தான். உடம்பைச் சிலுப்பினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று பொருள். சிலுப்பாமல் வெட்டக் கூடாது. லாடா சிலுப்பவில்லை. அசை போட்டுக்கொண்டு கீழே காங்ரா வயல்களைப் பார்த்தது.

"கையை எடுடி அது மேலேருந்து. நீ தடவிக்கிட்டே இருந்தா அது எப்படிச் சிலுப்பும்?"

ஜிந்தோ கையை எடுத்தாள். அவன் மறுபடி தெளித்தான். ம்ஹூம்.

"என்ன சொல்லிக் கொடுத்த இதுக்கு?"

"ஆமா, ராத்திரியெல்லாம் உக்காந்து பாடம் நடத்தினேன்! சாமிக்கு வேண்டாம்னா விடுங்களேன், கோமா அப்பா." பிள்ளை பெயரைச் சொல்லித்தான் அவள் அவனைக் கூப்பிடுவாள்.

வாய் அப்படிச் சொன்னாலும் மனசு சாமியிடம் கெஞ்சியது. ஏற்றுக்கொள்ளாதே என்று அவள் அந்தச் சாமியிடம் கேட்டது வாழ்க்கையிலேயே இதுதான் முதல் தடவை. அதுவும் எந்த இடத்தில்! ஒரு பக்கம் வயலும் ஆறும் உள்ளங்கை ரேகையாய்க் கிடக்க, மறுபக்கம் மலைக்குப் பின்னால் மலையாக வெள்ளை அடுக்கியிருக்க, அத்தனைக்கும் மேலே, சிவன் வீடென்று அவர்கள் கும்பிடும் கைலாஷ் தலை நிமிர்ந்து நிற்கிற இடத்தில். வருஷா வருஷம் பார்க்கிறாள். ஒரு தடவைகூட மூச்சு நிற்காமல் இருந்ததில்லை. இத்தனையும் வைத்திருக்கிறவருக்கு என் லாடாவும் வேண்டுமா என்று கோபம் வந்தது. உடனே பயந்து கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

காங்ரா பக்கமிருந்து மேகம் குபுகுபுவென்று ஏறியது. கண்மூடித் திறப்பதற்குள் ஆலங்கட்டி சடசடவென்று கொட்டி ஓய்ந்தது. ஓய்ந்ததுதான் தாமதம், மந்தை மொத்தமும் ஒரே நேரத்தில் உடம்பைச் சிலுப்பிக்கொண்டது. கணவாயே குலுங்கியது போலிருந்தது. லாடா மட்டும் அப்படியே நின்றது.

"பாத்தீங்களா? எல்லாமே சிலுப்பியாச்சு. வெட்டுங்க. ஒண்ணு விடாம வெட்டுங்க!"

மிங்லு சிரித்துவிட்டான். ஆனால் அரிவாளைக் கீழே வைக்கவில்லை. "வாயாடி. இங்கயே நின்னா குளிர்ல குட்டிங்க செத்துரும். கீழ லம் டல் ஏரியில கேட்டுக்கலாம். அதுவும் அவர் இடந்தானே."

இறங்கினார்கள். பனிச்சரிவில் லாடாதான் முன்னால் போனது, குளம்பை ஊன்றிப் பார்த்துப் பார்த்து. அதன் தடத்திலேயே மற்றவை காலை வைத்தன. ஜிந்தோவுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

லம் டல் பாதி பனிக்கட்டியும் பாதி நீலமுமாக நீண்டு கிடந்தது. மேகம் விலகி, சுற்றிலும் மலைகள் தலைகீழாக அதற்குள் இறங்கியிருந்தன. இருவரும் செருப்பைக் கழற்றினார்கள். அந்த ஏரியின் முன்னால் யாருக்கும் சத்தமாகப் பேச வராது. மிங்லு கையில் தண்ணீர் அள்ளினான்.

அவன் தெளிப்பதற்கு முன்பே லாடா முழங்கால் அளவு நீரில் இறங்கிக் குடித்தது. கரையேறியது. கொம்பிலிருந்து வால் வரை உடம்பை உதறிச் சிலுப்பியது. திவலை மிங்லுவின் முகத்திலேயே தெறித்தது.

சாமியே கிடாவைக் கேட்டுவிட்டார். ஜிந்தோ லாடாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைப் புதைத்தாள்.

மிங்லு முகத்தைத் துடைத்தான். கிடாவைப் பார்த்தான். அது வந்த சரிவையும் அதில் பதிந்திருந்த ஒற்றைத் தடத்தையும் நெடுநேரம் பார்த்தான். பிறகு, அள்ளிய தண்ணீரை ஏரியிலேயே விட்டான்.

"ஜிந்தோ."

"ம்."

"பனி வெளிச்சம். கண்ணு கூசுது எனக்கு. அது சிலுப்புச்சா இல்லையான்னு எதுவும் தெரியல."

அரிவாளை இடுப்புக் கயிற்றில் செருகிக்கொண்டு, அவன் கைலாஷைப் பார்த்துக் கும்பிட்டான்.