மேலே ஏற்கெனவே இருக்கிறது

மெல்லுகிறார், நிறுத்துகிறார், முடிந்தது என்று நினைத்தால் அடுத்த பிஸ்கட்... ஹெட்போனுக்குள் அது எச்சிலோடு நொறுங்கும் சத்தம், மேலாளரின் பல் தன் காதுக்குள்ளேயே இருப்பதுபோல. அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் ‘சுருக்கமா’. எதையும் சுருக்கமா சொல்லுங்க என்பார், தின்பதை மட்டும் சுருக்கமாட்டார். அவள் மைக்கை அணைத்துவிட்டு ஈரத்துணியால் வீட்டு மேசையை மறுபடி துடைத்தாள். மணி பத்தரை. பதினொன்றுக்குள் வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் போக வேண்டும், அதில் என்னவென்று எழுதுவது, நம் மென்பொருளில் ஓட்டை என்றா? ஒரு பெரிய கணினிக்குள் நூறு பொய்க் கணினிகள், ஒரே கட்டடத்தில் நூறு வாடகை வீடுகள்போல. ஒன்றில் வங்கி, பக்கத்தில் ஆஸ்பத்திரி, நடுவே சுவர், அந்தச் சுவரைத்தானே இவர்கள் விற்கிறார்கள்... ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொய் ஃப்ளாப்பி டிரைவ் வேறு. இன்று யார் ஃப்ளாப்பி போடுகிறார்கள், ஆனாலும் யாரும் எடுக்கவில்லை, செத்த எலியைப் பரணில் விட்டுவைத்ததுபோல. ஐநூற்றுப் பன்னிரண்டு எழுத்து கொள்ளும் இடம் அதற்கு. அதற்கு மேல் அனுப்பினால் தடுக்க ஆளில்லை, சுவருக்கு அந்தப் பக்கம் வழிந்து கட்டடத்துக்குச் சொந்தக்காரனின் அறையில் போய் எழுதும். விவரம் தெரிந்தவன் அனுப்பினால் எல்லா வீட்டுச் சாவியும் அவன் கையில். யாருடைய ரத்தப் பரிசோதனையிலோ எவனோ விரலை விட்டுத் துழாவுகிறான். 

“அந்த ஃப்ளாப்பி பகுதியை எழுதினது யாருன்னு தெரிஞ்சுதா?” கம்பெனி வக்கீலம்மாவின் குரல். “போன வருஷம் வேலையை விட்டாரே, பூட்டுக்காரர், அவர் கைவரிசைதான்” என்றார் மேலாளர். அப்படியென்றால் முன்னாள் ஊழியர் ஒருவரின் கவனக்குறைவு என்று போட்டுவிடலாம், பேர் வேண்டாம் என்றாள் வக்கீலம்மா. “பேர் எதுக்கு, தொழில்ல இருக்கறவங்க மோந்து பார்த்தே சொல்லிடுவாங்க.” சிரிப்பு, பிஸ்கட்டோடு. பூட்டுக்காரர் அவளுடைய அத்தான். அக்காவின் கணவர் என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது, தெரிய வேண்டாம் என்று அவள்தான் கேட்டுக்கொண்டாள். எப்படிச் சொல்வாள், மேசை டிராயரைப் பூட்டி, மூன்று தரம் இழுத்துப் பார்த்து, வாசல்வரை போய், திரும்பி வந்து மறுபடி இழுக்கிற மனிதரை... அக்கா வீட்டிலும் அப்படித்தான், கேஸை மூடினாரா என்று எச்சில் கையோடு எழுந்து போவார், அந்தப் பிசுக்கு குமிழில் காய்ந்திருக்கும். பார்த்தாலே சோறு இறங்காது.

போன் அதிர்ந்தது. அக்கா. ‘வெள்ளிக்கிழமை அவருக்கு இண்டர்வியூடி. உன் நம்பரைத்தான் குடுத்திருக்கார். கேட்டா ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லு.’ என்ன நல்லது சொல்வது, கேஸுக்கு நாலு தரம் எழுந்தவருக்கு இங்கே ஒரு வரி எழுதக் கையில்லையா, வருவது இடத்தைவிடப் பெரிதா என்று கேட்கும் ஒரே ஒரு வரி, நேற்று படிக்க வந்த பிள்ளைகூட எழுதுமே... அந்த நிரலின் பழைய பதிவைத் திறந்தாள். அவர் தப்பைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும், அதில் ஒரு சின்ன ருசிகூட இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய பதிவு, அவர் எழுதிய முதல் வடிவம். வரி இருந்தது. மீறினால் நிறுத்து. கீழே, சரிபார்த்தவரின் குறிப்பு. ‘இந்தச் சோதனை மேலே ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு தரம் எதற்கு? நீக்கவும்.’ அத்தானின் பதில், ‘இருந்துட்டுப் போகட்டுமே.’ மறுபடி குறிப்பு. ‘அசிங்கமாக இருக்கிறது.’ அடுத்த வடிவத்தில் வரி இல்லை. சரிபார்த்தவர் என்ற இடத்தில் அவள் பெயர்.

நான் எப்போது... வேலைக்குச் சேர்ந்த புதிது, எல்லாவற்றையும் துடைத்துக்கொண்டிருந்த காலம். அசிங்கம் என்று எதைச் சொன்னாள், வரியையா? மேலே இருந்த சோதனை என்ன ஆயிற்று? தேடினாள். இரண்டு வருஷம் கழித்து யாரோ எடுத்திருக்கிறார், கீழே இருக்கும் என்று நம்பி. காரணம் ஒரே வார்த்தை, ‘சுருக்கப்பட்டது.’ யார் என்று பெயரைப் பார்க்கத் தேவையில்லை, பார்த்தாள். அவருக்கு நினைவிருக்குமா, அல்லது அவரும் இந்தப் பதிவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் இப்படிச் சாவகாசமாக மெல்லுகிறாரா?

“உங்க பக்கம் ஏதாவது உண்டாம்மா?” மேலாளர் அவளைத்தான் கேட்டார். இல்லை என்றால் போதும், பதினொன்றுக்குக் கடிதம் போய்விடும், வெள்ளிக்கிழமை போன் வந்தால் அத்தானைப் பற்றி ரெண்டு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிடலாம், இரண்டையும் ஒரே வாயால்... மைக்கைத் திறந்தாள். “சொல்லுங்க. சுருக்கமா.” கையில் துணி இன்னும் இருந்தது. முகத்தருகே வந்தபோதுதான் வாடை அடித்தது, புளித்த, பழைய வாடை. காலையிலிருந்து இதை வைத்துத்தான் துடைக்கிறாள். மெல்லும் சத்தம் நின்றிருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள், அவர்கள் காதுக்குள் இப்போது கேட்பது தன்னுடைய மூச்சு என்று அவளுக்குத் தெரிய ஒரு கணம் ஆயிற்று.